குழாயால் அளந்த நடைபாதை: ஒரு குடியிருப்புப் பகுதியின் உடல்நலச் சூழலை மதிப்பிட்ட அனுபவம்

மூன்றாவது முறையாகத்தான் கணக்கு கூடிவந்தது. நாற்பது சாலைத் துண்டுகளை இருவர் தனித்தனியே நடந்து பார்த்தோம். ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல் படிவத்தை நிரப்பி, பின்பு இரண்டு கட்டுகளையும் மேசையில் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது, நடைபாதை தடையின்றி இருக்கிறதா என்ற வரியில் 36 துண்டுகளுக்கு விடை ஒன்றாக இருந்தது. முதல் முறை அதே நாற்பதில் ஒத்துப்போனவை 26. இரண்டாம் முறை 31. இடையில் சாலை மாறவில்லை, நடந்தவர்களும் மாறவில்லை. கேள்வியும் கையிலிருந்த கருவியும் மட்டுமே மாறின. அந்த மாற்றத்துக்கு ஏழு வாரங்கள் பிடித்தன. இதே வேலையைத் தொடங்கவிருப்பவர்களுக்கு அந்த ஏழு வாரங்கள் மிச்சமாகட்டும் என்று, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

வேலை இதுதான்: ஒரு குடியிருப்புப் பகுதி அங்கு வாழ்பவர்கள் நடக்கவும் விளையாடவும் நல்ல உணவை வாங்கவும் எவ்வளவு துணை நிற்கிறது என்பதையும், அதைப் பற்றி உள்ளாட்சியின் விதிகள் எழுத்தில் என்ன சொல்கின்றன என்பதையும் அளந்து, ஓராண்டு கழித்து வேறொருவர் வந்து மீண்டும் அளக்கக்கூடிய வடிவில் பதிந்து வைக்க வேண்டும். உடல் பருமனைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் தனிமனிதரின் வாய்க்கட்டுப்பாட்டில் போய் முடிவதைப் பார்த்து அலுத்தவர்கள் நால்வர் சேர்ந்தோம். ஒருவர் செவிலியர், ஒருவர் நில அளவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், மற்ற இருவருக்கும் முன் அனுபவம் எதுவும் கிடையாது, அவர்களில் நானும் ஒருவன். ஸ்வின்பர்ன், எகர், ராசா ஆகிய மூவரும் 1999இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, பருமனை வளர்க்கும் சூழலைப் பௌதிகம், பொருளாதாரம், அரசியல், சமூகப் பண்பாடு என நான்காகப் பிரிக்கிறது. அந்த நான்கு பெயர்களை நான்கு கோப்புறைகளின் மேல் ஒட்டிக்கொண்டோம். கோட்பாட்டிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான்.

எல்லையை வரைவதில் முதல் தவறு நேர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்து போய்த் திரும்புபவர் ஏழு நாளில் 140 நிமிடத்தைச் சேர்த்துவிடுகிறார் என்பதால், பத்து நிமிட நடையையே எல்லையாகக் கொள்வது பொருத்தமாகப் பட்டது. நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஆரம்பப் பள்ளியின் வாயிலை மையமாக்கி, வரைபடத்தில் 800 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தைப் போட்டோம். வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 2 சதுர கிலோமீட்டர். படத்தில் மிக அழகாக இருந்தது. நடந்து பார்த்தபோதுதான் வட்டத்தின் வடபகுதியை ஒரு கால்வாய் அறுத்துக்கொண்டு போவதும், அதைக் கடக்கும் பாலம் வட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரிந்தன. வரைபடத்தில் 500 மீட்டர் தொலைவில் இருந்த பூங்காவுக்கு நடந்துபோக 1,340 மீட்டர் ஆயிற்று. அளவைக்காரர் சிரித்துவிட்டு, "காக்கைக்குத்தான் வட்டம், மனிதனுக்குப் பாதை" என்றார். பள்ளி வாயிலிலிருந்து ஒவ்வொரு பாதையிலும் சக்கர அளவியை உருட்டிப் போய், 800 மீட்டர் முடிந்த இடங்களில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அந்தக் குறிகளை இணைத்து மீண்டும் எல்லையை வரைந்தோம். பரப்பு பாதிக்குச் சற்று மேலாகச் சுருங்கியது. பூங்கா எல்லைக்கு வெளியே போய்விட்டது. அதுவே எங்களுக்குக் கிடைத்த முதல் முடிவு. படிவம் தயாராவதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

சக்கர அளவியைப் பற்றி ஒரு குறிப்பு. கரடுமுரடான தரையில் சக்கரம் மேடு பள்ளங்களில் ஏறி இறங்குவதால் நீளத்தைக் கூட்டியே காட்டும். அளவுநாடாவால் 100 மீட்டர் என்று உறுதி செய்த ஓர் இடத்தில் எங்கள் சக்கரம் சமதரையில் 100.3 என்றும், உடைந்த தளத்தில் 101.4 என்றும் காட்டியது. இந்த வேலைக்கு அந்தப் பிழை பொருட்டல்ல. ஆனாலும் தொடங்கும் நாளில் ஒருமுறை ஒப்பிட்டுக் குறித்து வைத்தால், பின்னால் யாரும் கேட்கும்போது பதில் இருக்கும்.

அடுத்தது படிவம். கிடைத்த கருவிகளையெல்லாம் படித்தோம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் சேஞ்ச் என்ற கருவி, சமூகம், நிறுவனங்கள், மருத்துவம், பள்ளி, பணியிடம் என்று ஐந்து துறைகளாகப் பிரித்துக் கேட்கிறது. கேரன் கிளான்ஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட நெம்ஸ் கருவி, கடைகளில் நல்ல உணவு கிடைக்கிறதா, என்ன விலை, என்ன தரம் என்று பார்க்கிறது. மெக்கென்சி, கோஹன் முதலானோர் 2006இல் வெளியிட்ட சோபார்க் முறை பூங்காவில் யார் என்ன செய்கிறார்கள் என்று எண்ணுகிறது. எல்லாமே நன்றாகத் தோன்றியதால் எல்லாவற்றிலிருந்தும் அள்ளினோம். படிவம் 92 கேள்விகளாக வீங்கியது. ஒரு சாலைத் துண்டுக்கு 22 நிமிடம் பிடித்தது. மூன்றாம் நாளில், கடைசி இருபது கேள்விகளுக்கு இருவருமே பாராமலே விடை எழுதத் தொடங்கியிருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வெட்டுவதற்கு வழி காட்டியது, அதே மையம் 2009 ஜூலையில் வெளியிட்ட பரிந்துரைத் தொகுப்பு. அதில் உள்ளூர் அமைப்புகள் பின்பற்றத்தக்க உத்திகள் 24. ஒவ்வொன்றுக்கும் பரிந்துரைக்கப்பட்ட அளவு ஒன்றே ஒன்று. அந்தக் கட்டுப்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரு செய்திக்கு ஒரு கேள்வி என்று குறைத்தபோது 38 எஞ்சின. அவற்றில் சாலைக்கு 14 மட்டுமே. ஒரு துண்டுக்கு ஆகும் நேரம் ஒன்பது நிமிடமாக இறங்கியது.

இனி அந்த 26க்கு வருகிறேன். இருவர் நாற்பதில் 26 இடங்களில் ஒத்துப்போனார்கள் என்றால் 65 விழுக்காடு, கேட்பதற்கு மோசமில்லை. ஆனால் ஆம், இல்லை என்று இரண்டே விடைகள் இருக்கும் கேள்வியில், கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் ஏறக்குறையப் பாதி ஒத்துப்போகும். அந்த எதேச்சையான பங்கைக் கழித்துவிட்டுப் பார்க்கும் கணக்கை ஜேக்கப் கோஹன் 1960இல் தந்தார். அதற்குக் கப்பா என்று பெயர். எங்கள் இருவரில் ஒருவர் 24 துண்டுகளுக்கும் மற்றவர் 22 துண்டுகளுக்கும் ஆம் போட்டிருந்தோம். எதேச்சையாக ஒத்துப்போகக்கூடிய பங்கு 0.51 என்று வந்தது, 0.65இலிருந்து அதைக் கழித்து, மீதமுள்ள 0.49ஆல் வகுத்தால் 0.29. லாண்டிஸ், கோக் இருவரும் 1977இல் கொடுத்த அளவுகோலின்படி 0.61க்கு மேல் போனால்தான் கணிசமான ஒப்புதல். எங்களுடையது அதன் பாதியைக்கூட எட்டவில்லை.

தவறு யாருடையது என்று அன்றிரவு நீண்ட வாக்குவாதம் நடந்தது. அதே இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, தவறு கேள்வியுடையது என்று புரிந்தது. நடைபாதையில் ஒரு மின்கம்பம் நிற்கிறது. இளைஞரான நண்பர் அதை ஒரு தடையாகவே எண்ணவில்லை, முழங்கால் வலியோடு நடக்கும் அளவைக்காரருக்கு அது தடை. முதலில் விளக்கக் குறிப்பு எழுதிப் பார்த்தோம்: "கம்பம், குழி, நிறுத்திய வண்டி, கடைப் பொருள் ஆகியவை வழியைக் குறிப்பிடத்தக்க அளவு மறித்தால் தடை எனக் கொள்க." அதில் வந்தவைதான் 31. "குறிப்பிடத்தக்க அளவு" என்ற சொற்கள் பழைய சண்டையை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டிருந்தன.

தீர்வு ஒரு பிவிசி குழாய். கால் அங்குலக் குழாயை 1.2 மீட்டர் நீளத்துக்கு அறுத்து, இரு முனைகளிலும் சிவப்பு நாடா சுற்றினோம். குழாயை நடைபாதைக்குக் குறுக்காக இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்க வேண்டும். எங்கும் இடிக்காமல் போனால் தடையில்லை, ஓரிடத்தில் இடித்தாலும் தடை உண்டு. சக்கர நாற்காலியோ குழந்தையின் தள்ளுவண்டியோ தாராளமாகப் போவதற்கான அகலம் என்று கருதி 1.2 மீட்டரைத் தேர்ந்தோம். தொழிற்கூடங்களில் துளையின் அளவைச் சரிபார்க்க, நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் தள்ளு என்று ஒரு கம்பியை வைத்திருப்பார்களே, அதே வழிதான். இங்கே இரண்டு சிக்கல்கள் வந்தன. மெல்லிய குழாய் நடுவில் தொய்ந்து ஆடியது; அரை அங்குலத்துக்கு மாறினோம். பேருந்தில் கொண்டுபோக முடியாததால் நடுவில் அறுத்து இணைப்பான் போட்டோம். இணைப்பானுக்குள் குழாயை முழுவதும் அழுத்தாதபோது நீளம் 1.22 மீட்டர் வரை போனதை இரண்டு நாள் கழித்தே கவனித்தோம். அந்த இரண்டு நாளில் அளந்த 17 துண்டுகளை மீண்டும் அளந்ததில், ஒன்றில் மட்டும் விடை மாறியது. இப்போது குழாய் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதற்கு மையினால் ஒரு கோடு இருக்கிறது. குழாயோடு நடந்த மூன்றாம் சோதனையில் 36 இடங்கள் ஒத்துப்போய், கப்பா 0.80 என்று வந்தது. ஒத்துப்போகாத நான்கில் மூன்று, ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் போனதால் வந்தவை. இடையில் வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்தன.

குழாயின் வெற்றியால் கிடைத்த உற்சாகத்தில், மற்ற கேள்விகளையும் கருவியால் விடை காணும்படி மாற்றத் தொடங்கினோம். சாலையைக் கடக்கப் போதிய நேரம் கிடைக்கிறதா என்ற கேள்வியை அடித்துவிட்டு, சாலையின் அகலத்தையும் நடப்பவருக்கான பச்சை விளக்கின் நேரத்தையும் எழுதச் சொன்னோம். பள்ளிக்கு அருகிலிருந்த முக்கியச் சந்திப்பில் அகலம் 14 மீட்டர், பச்சை 12 விநாடி. வகுத்தால், நொடிக்கு 1.17 மீட்டர் வேகத்தில் நடப்பவர் மட்டுமே விளக்கு மாறுவதற்குள் அக்கரை சேர்வார். முதியவர்கள் பலர் நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில்தான் நடக்கிறார்கள். அவர்களுக்கு அதே சாலைக்கு 17.5 விநாடி வேண்டும். விளக்கின் நேரம் பகல் வேளைக்கு ஏற்ப மாறக்கூடும் என்பதால் காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை கடிகாரத்தால் அளந்தோம். இந்த ஒரு வரிதான் பின்னால் மிகவும் உதவியது. வெளிச்சத்தை அளக்க முயன்றது மட்டும் பலிக்கவில்லை: கைபேசிச் செயலிகள் ஒரே விளக்கின் கீழ் இரண்டு கைபேசிகளில் இரண்டு விதமாகக் காட்டின. அதைக் கைவிட்டு, எரியும் விளக்குகளையும் எரியாத விளக்குகளையும் இரவில் நடந்து எண்ணினோம்.

கடைகளில் நாங்கள் பட்ட பாடு தனி. எல்லைக்குள் உணவு விற்கும் கடைகள் 31. நெம்ஸ் கருவியைப் பின்பற்றி, ஒவ்வொரு நல்ல பொருளுக்கும் அதற்கு மாற்றான பொருளுக்கும் விலையை எழுதத் திட்டமிட்டிருந்தோம். படிவமும் அளவுநாடாவுமாக உள்ளே நுழைந்ததும், வரி அதிகாரிகளோ உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர்களோ என்று கடைக்காரர்கள் பதறினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கழுத்தில் அட்டை வேறு தொங்கியது. ஆறு பேர் மறுத்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து அட்டையைக் கழற்றிவிட்டு, கூட்டமில்லாத நேரத்தில் போய், கடையின் பெயர் எங்கும் வராது என்று முதலில் சொல்லி, படிவத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அளவுநாடாவையும் உள்ளே கொண்டுபோகவில்லை. எங்களுக்கு வேண்டியது விகிதம்தான். பழம், காய்கறிகளுக்கு எவ்வளவு நீள இடம், இனிப்பூட்டிய பானங்களுக்கும் பொட்டலத் தின்பண்டங்களுக்கும் எவ்வளவு நீள இடம் என்பது தெரிந்தால் போதும். விகிதத்துக்கு மீட்டர் தேவையில்லை, தரையில் பதித்த ஓடுகளை எண்ணினாலே போதும். ஓடு பதிக்காத கடைகளில் காலடியால் எண்ணினோம்.

அதிலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. முதல் ஒன்பது கடைகளில் தரையில் பிடித்த நீளத்தை மட்டும் எண்ணிவிட்டு, காய்கறிக்கும் பானத்துக்கும் இடம் ஏறக்குறையச் சமம் என்று எழுதி வைத்திருந்தோம். பத்தாவது கடையில் செவிலியர் நண்பர் அண்ணாந்து பார்த்துவிட்டு, காய்கறி ஒரே அடுக்காகக் கூடையில் இருக்க, பானம் அதே நீளத்தில் ஐந்து தட்டுகளில் நிற்பதைச் சுட்டிக்காட்டினார். நீளத்தைத் தட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கியபோது சமம் என்றது ஒன்றுக்கு ஐந்தாயிற்று. ஒன்பது கடைகளுக்கும் திரும்பிப் போனோம். கல்லாவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதையும், குழந்தையின் கண்மட்டத்தில் என்ன இருக்கிறது என்பதையும் தனியே குறித்தோம். கண்மட்டத்துக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். மீண்டும் குழாய்தான் உதவியது, அதில் ஒரு மீட்டரில் நீல நாடா ஒட்டியிருக்கிறது. விலைப் பகுதி உருப்படவில்லை. எடைக்கு விலையா, ஒருவேளைக்கு விலையா, கலோரிக்கு விலையா என்பதை முடிவு செய்யாமலே எழுதத் தொடங்கியதால், எழுதிய எதையும் எதனோடும் ஒப்பிட முடியவில்லை. ஒரே கொள்ளளவுள்ள குடிநீருக்கும் இனிப்புப் பானத்துக்கும் உள்ள விலை வேறுபாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கிப் போட்டோம்.

பூங்காவில் வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். சோபார்க் முறைப்படி பூங்காவை நான்கு பரப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இடமிருந்து வலமாக ஒருமுறை மட்டும் கண்ணோட்டி, உட்கார்ந்திருப்பவர், நடப்பவர், ஓடியாடுபவர் என்று எண்ண வேண்டும். திரும்பிப் பார்த்து எண்ணக் கூடாது; ஓடும் குழந்தையை இருமுறை எண்ணிவிடுவோம். வேலைநாள் இரண்டு, விடுமுறைநாள் இரண்டு, நாளுக்கு நான்கு வேளை என 16 முறை எண்ணினோம். அவற்றில் மூன்று முறை எண்ணிக்கை சுழியம். முதலில் மக்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அறிவிப்புப் பலகையில் காலை ஐந்து மணி முதல் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் என்று எழுதியிருந்தது, கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டு மூன்று பேரிடம் அலைந்தோம்.

அந்தப் பூட்டுதான் எங்கள் மதிப்பீட்டு முறையையே மாற்றியது. அதுவரை விதிகளையும் சூழலையும் ஒரே வரியில் வைத்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தோம். பூங்கா நேரத்துக்குத் தீர்மானம் இருந்ததால் முழு மதிப்பெண்ணும் கொடுத்திருந்தோம். சேஞ்ச் கருவி இதை முன்பே செய்து வைத்திருந்தது, நாங்கள்தான் அவசரத்தில் தாண்டிப் போயிருந்தோம். அதில் விதிக்கு ஒன்று முதல் ஐந்து, சூழலுக்கு ஒன்று முதல் ஐந்து எனத் தனித்தனிப் பத்திகள். விதிப் பத்தியில் சிக்கலே உணரப்படாத நிலை 1. வகுத்து ஏற்றுக்கொண்ட நிலை 3. நடைமுறைக்கு வந்தால் 4. கண்காணிப்பும் அமலாக்கமும் இருந்தால் மட்டுமே 5. சூழல் பத்தியில் எதுவும் இல்லாவிட்டால் 1, எல்லாக் கூறுகளும் இருந்தால் 5. பிரித்து எழுதியதும் பூங்காவுக்கு விதி 3, சூழல் 2 என்று வந்தது. இன்னொரு பக்கம், எந்த விதியும் இல்லாமலே ஒரு தெருவில் மரநிழலும் இருக்கைகளும் இருந்தன. விதி 1, சூழல் 4. முதலாவதைப் பூட்டைத் திறந்து சரிசெய்யலாம். இரண்டாவது, அடுத்த சாலை விரிவாக்கத்தில் காணாமல் போகும். எழுத்தில் பாதுகாப்பு இல்லை.

விதிகளைத் திரட்டுவதற்குத்தான் அதிக நேரம் போயிற்று. உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானங்களும் துணைவிதிகளும் ஒரே இடத்தில் இல்லை. சில இணையத்தில், சில பதிவேட்டில், சில ஒருவரின் நினைவில் மட்டும். நினைவில் மட்டும் இருந்தவற்றை இல்லை என்றே கணக்கில் வைத்தோம். படிக்கும்போது நாங்கள் கவனித்தது வினைமுற்று. அமெரிக்கப் பள்ளிகளின் நலக்கொள்கைகளை மதிப்பிடும் வெல்சாட் என்ற கருவி, சொல்லவே இல்லாவிட்டால் 0, தளர்வாகச் சொன்னால் 1, உறுதியாகச் சொன்னால் 2 என்று தருகிறது. தமிழில் இதைச் செய்வது ஒருவகையில் சுலபம்: "விற்கக் கூடாது" என்பதற்கு 2, "பரிசீலிக்கப்படும்", "ஊக்குவிக்கப்படும்", "ஆவன செய்யப்படும்" ஆகியவற்றுக்கு 1. ஆவன செய்யப்படும் என்ற சொற்றொடரை அறிந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. உறுதியான வினைமுற்று இருந்த இடங்களிலும் மூன்று செய்திகளைத் தேடினோம்: யார் பொறுப்பு, எந்தத் தலைப்பில் நிதி, மீறினால் என்ன. இந்த மூன்றும் எழுதப்பட்டிருந்த தீர்மானம் ஒன்றே ஒன்றுதான்.

இங்கே இன்னொரு தவறான திருப்பமும் உண்டு. சர்க்கரைப் பானத்துக்கு வரி உண்டா, பொட்டலத்தின் முகப்பில் எச்சரிக்கை உண்டா என்றெல்லாம் முதற்படிவத்தில் கேட்டிருந்தோம். மெக்சிகோ 2014 ஜனவரியில் லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டதும், சிலி 2016இல் கருப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியதும், பிரிட்டன் 2018 ஏப்ரலில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம், 8 கிராம் என்று இரு படிகளாகத் தீர்வை விதித்ததும் எங்களைக் கவர்ந்திருந்தன. ஆனால் அவை நாடாளுமன்ற அதிகாரங்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2014இல் வாக்கெடுப்பு நடத்தித் தானே அத்தகைய வரியைக் கொண்டுவந்தது உண்மைதான். அந்த நகரத்துக்கு அந்த அதிகாரம் இருந்தது. எனவே கேள்வியைச் சேர்ப்பதற்கு முன், இதை மாற்றும் அதிகாரம் இந்த மன்றத்துக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லாத அதிகாரத்துக்குச் சுழியம் போட்டுவிட்டு அந்தத் தாளை அவர்களிடமே கொண்டுபோய் நீட்டினால், முதல் பக்கத்திலேயே பேச்சு முறிந்துவிடும். எங்களுக்கு ஒருமுறை முறிந்தது.

மக்களின் எடையையும் எடுக்கலாமே என்று பலர் கேட்டார்கள். செவிலியர் நண்பர் உறுதியாக மறுத்தார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 25ஐத் தாண்டினால் மிகை எடை, 30ஐத் தாண்டினால் பருமன் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் குழந்தைகளுக்கு அந்த எல்லைகள் பொருந்தா, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணை வேண்டும். வகுப்பில் வரிசையாக நிறுத்தி எடை எடுப்பது குழந்தையைக் கூனிக் குறுக வைக்கும். நடைபாதையை இந்த ஆண்டு அகலப்படுத்தினால் அடுத்த ஆண்டே எடை குறையும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல; குறையவில்லை என்றால் நடைபாதையால் பயனில்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். சாலையை அளக்க வந்தோம், சாலையை மட்டும் அளந்தோம்.

முடிவைத் தொகுக்கும்போது, எல்லா மதிப்பெண்களையும் கூட்டி நூற்றுக்கு 61 என்று ஒரே எண்ணாக்கிப் பெருமையோடு வைத்திருந்தோம். அதைக் கேட்டவர்கள் பரவாயில்லையே என்றார்கள், அதோடு சரி. அந்த எண்ணை எடுத்துவிட்டு, ஒரே பக்கத்தில் எட்டு வரிகள், ஒவ்வொன்றுக்கும் விதி, சூழல் என்று இரண்டு பத்திகள், பக்கத்தில் அளந்த எண் என்று மாற்றினோம். மன்றத்தின் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை வைத்தபோது, முதலில் கேள்வி எழுந்தது 12 விநாடியைப் பற்றித்தான். ஆறு வாரத்தில் அது 18 விநாடி ஆயிற்று. பூங்காவின் சாவி வாயிற்காவலரிடம் வந்தது. கடைகளைப் பற்றிய வரியில் எதுவும் நடக்கவில்லை; அதற்கு நாங்கள் கொடுத்த எண்ணிக்கையில் ஆறு கடைகள் இல்லை என்பதை ஒருவர் சரியாகவே சுட்டிக்காட்டினார்.

செலவு என்று பார்த்தால் பெரும்பாலும் நேரம்தான். கருவிகளில் சக்கர அளவியை இரவல் வாங்கினோம், மற்றவை யார் வீட்டிலும் இருப்பவை. ஆள்மணிக் கணக்கில், பயிற்சிக்கு 24, வீணான முதற்படிவத்துக்கு 29, இரண்டாம் சோதனைக்கு 16, எல்லைக்குள்ளிருந்த 118 துண்டுகளையும் இருவராக நடந்து முடிக்க 35, கடைகளுக்கு 21, பூங்காவுக்கு 11, ஆவணங்களுக்கு 44, கணினியில் ஏற்ற 20, ஆக 200. முதல் இரண்டு சோதனைகளும் நேர்ந்திருக்காவிட்டால் 155இல் முடிந்திருக்கும்.

அடுத்த முறை ஆவணங்களிலிருந்து தொடங்குவேன். எழுத்தில் எட்டு மணி முடிய என்று இருப்பது தெரிந்தால்தான் ஏழு மணிக்குப் பூட்டைப் பார்க்கப் போகத் தோன்றும். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில் ஒரு படம் எடுத்து வைப்பேன். இந்த முறை படங்கள் இருக்கின்றன, எங்கே நின்று எடுத்தோம் என்பது எழுதப்படவில்லை. படிவத்தின் மேல் வரியில் அளந்த வேளைக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம், நிறுத்திய வண்டிகளால் பிரிந்த அந்த மூன்று விடைகளுக்காக. கடைகளுக்கு மாலையில் போவதா, சரக்கு இறங்கும் காலையில் போவதா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. ஆறு கடைகளிலாவது இரண்டு வேளையும் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருக்கிறோம். குழாய்க்கு இரண்டாவது பிரதி ஒன்று அறுத்தாயிற்று, இம்முறை இணைப்பானைப் பசை வைத்து ஒட்டிவிட்டார் அளவைக்காரர். பேருந்தில் எப்படிக் கொண்டுபோவது என்பதை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.